எரிவது யார், எரிப்பது எது?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மருத்துவக் கல்லூரிகளில் பணிபுரியும் பெண்களைப் பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்கம் செய்கையில், ‘பர்ன் அவுட்’ என்னும் சொல்லிடத்தே நின்றுவிட நேர்கிறது. ‘சோர்வு’ என்றெழுதினால், ஓரிரவு உறங்கினால் தீர்ந்துவிடும் என்ற பொருள் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனமோ 2019இல் இதனை நோய்களுள் சேர்க்காமல், பணி சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. ஆகவே, ‘பணியில் எரிந்து தீர்தல்’ என்பதே பொருந்தும்.

எரிப்பது எது? பயிற்சி மருத்துவரின் பணி வழக்கமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தையும், வாரத்திற்கு 48 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது என ஒன்றிய அரசு 1992இலேயே நெறிப்படுத்தியது. ஆயினும் 36 மணி நேரத் தொடர்பணி இன்றும் தொடர்கிறது. உரிமை கேட்டால் அவர் மாணவர். நோயாளிகள் வரிசையில் நின்றால் அவரே மருத்துவர்.

ஆசிரியரான பின்னும் சுமை குறைவதில்லை. சிகிச்சை, வகுப்பு, ஆய்வு ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரை வேண்டும். அதை எழுதும் நேரமோ பணி நேரத்துக்குள் இல்லை. ஆண் மருத்துவர் பெரும்பாலும் இரவில் வீட்டில் எழுதுகிறார். பெண் மருத்துவருக்கு அந்நேரத்தில் அடுப்படி, குழந்தை, முதியோர். 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம். இரவுப் பணிக்கு வரும் தாய்க்கு எத்தனை மருத்துவமனைகளில் அது திறந்திருக்கிறது?

2024 ஆகஸ்ட் 9 அன்று, கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில், பணிக்கிடையே கருத்தரங்க அறையில் இளைப்பாறிய பயிற்சி மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். இயன்றவரை பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்க்கலாம் என்பது மாநில அரசு கண்ட தீர்வுகளுள் ஒன்று! பாதுகாப்பளிப்பது அரசின் கடமை என உச்சநீதிமன்றம் கண்டித்த பின்னரே அதனைத் திருத்த அரசு இசைந்தது.

‘மருத்துவர்கள் வசதி படைத்தோர், அவர்கள் பிரச்சனை நமக்கெதற்கு?’ எனச் சில தோழர்கள் வினவலாம். 1863இல் இலண்டனில் 26½ மணி நேரம் இடைவிடாது உழைத்து மாண்ட இளம் தையல் தொழிலாளியை ‘மூலதனம்’ நூலின் வேலைநாள் அத்தியாயத்தில் மார்க்ஸ் பதிவு செய்தார். வேலைநாளுக்கு வரம்பு கோருவது உழைப்போர் அனைவரின் கோரிக்கை. மேலும், 30ஆம் மணி நேரத்தில் கண் செருகும் மருத்துவரின் முன் அமர்ந்திருப்பவர், அரசு மருத்துவமனையை விட்டால் வேறு போக்கிடமற்ற ஏழை.

யோகா வகுப்பும் மனநல ஆலோசனையும் ஆள் பற்றாக்குறையை நீக்கா. காலியிடங்களை நிரப்புக! பணிநேர வரம்பைச் சட்டமாக்குக! ஓய்வறையும் இரவுநேரக் காப்பகமும் அமைத்திடுக! ஆய்வுக்குப் பணிநேரத்திலேயே இடம் தருக! செவிலியரையும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரையும் இணைத்துக்கொண்டு இக்கோரிக்கைகளை மருத்துவமனை வாயில்தோறும் எழுப்புவோம்.