நரம்பியல் மருத்துவரும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இராசபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தெருவில் ஒருவர் வலிப்பு வந்து வீழ்ந்தால், கூடியிருப்போர் முதலில் தேடுவது இரும்புச் சாவியை. அடுத்துத் தேடுவது மந்திரிப்பவரை. நரம்பியல் மருத்துவர் என ஒருவர் உண்டென்பது பலர் நினைவுக்கே வருவதில்லை. அவர் யார், எதைக் கற்றவர் என்பதையே இன்று சொல்ல விழைகிறோம்.

மூளை, தண்டுவடம், நரம்பு ஆகியவற்றின் நோய்களை ஆய்ந்தறிந்து மருந்து கொடுப்பவர் நரம்பியல் மருத்துவர். அறுவை செய்பவர் நரம்பியல் அறுவை மருத்துவர். இரண்டும் வெவ்வேறு படிப்புகள். நம் நாட்டில் அறுவைத் துறையை முதன்முதலாக, 1949-இல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். மறு ஆண்டே, சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். ஏழைகள் தயங்காமல் நுழையக்கூடிய இடத்தில் அஃது அமைந்ததை நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

பக்கவாதம், வலிப்பு, நடுக்குவாதம், ஒற்றைத் தலைவலி, முதுமை மறதி, கைகால் மரத்துப்போதல் எல்லாம் நரம்பியல் மருத்துவர் பார்ப்பவை. இரண்டை மட்டும் விரித்துரைப்போம்.

மூளையின் மின்னோட்டம் சிறிது நேரம் நிலைதவறுவதால் வருவது வலிப்பு. அது பேயுமன்று, முன்வினையுமன்று. பெரும்பாலும் அது தானே நிற்கும். நிற்கும்போது சாவி கையில் இருக்கிறது, அவ்வளவே! ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். முறையாக மருந்துண்டால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயாளர்க்கு இருந்த தடை 1999-இல் நீக்கப்பட்டது. ஆயினும் பெண்பிள்ளைக்கு வந்துவிட்டால் மருந்துச் சீட்டையே ஒளித்துவைக்கும் வீடுகள் இன்றும் உள.

பக்கவாதத்தில் நேரமே மருந்து. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை அதன் குறிகள். மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் அடைப்பைக் கரைக்கும் மருந்துண்டு. ஆனால் ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லையெனக் கண்டபின், நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். இராசபாளையத்திலிருந்து இன்னும் கூடுதல். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று காத்திருந்தால் அந்நேரம் கடந்துவிடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

இனி மாணவர்க்கு. மேல்நிலை வகுப்பில் உயிரியல், பின்னர் நீட் தேர்வு, எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. 3 ஆண்டு, நரம்பியலில் டி.எம். 3 ஆண்டு. ஆக, பதினொன்றரை ஆண்டு. பஞ்சாலையிலும் தறியிலும் உழைக்கும் குடும்பத்துக்கு இது நெடுங்காலமே. சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. நெய்தவர் மகள் அங்கே மருத்துவராகச் செல்வது இன்னும் அரிதாகவே உள்ளது. ஆனால் வழி அடைபட்டிருக்கவில்லை. எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு உண்டு. அதனுள் 3 விழுக்காடு 2009 முதல் அருந்ததியர்க்கு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2020 முதல் ஏழரை விழுக்காடு தனியே உண்டு. 2022-இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

ஆகவே பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்குமுன் நம் கழகத்தாரை ஒருமுறை வந்து காண வேண்டுகிறோம்.