உடல் இளைக்க வயிற்றை அறுப்பது



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி, உடல் பருமன் குறைவதற்காக வயிற்றில் செய்யப்படும் ஆப்பரேஷனும், அதற்குப் பின் வரக்கூடிய கெடுதிகளுமாகும். அந்த ஆப்பரேஷனே கூடாதென்று சொல்ல நாம் வரவில்லை. சுவீடன் தேசத்தில் 1987 முதல் நாலாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்த கணக்கு 2007-ல் வெளியாயிற்று. அதில் ஆப்பரேஷன் செய்துகொண்ட கூட்டத்தில் சாவு குறைந்தேயிருந்தது. ஆனால் "டாக்டர் கத்தி வைத்தாய்விட்டது, இனி நமக்கு வேலையில்லை" என்கிறவரும், "பருமன் தலையெழுத்து" என்கிறவரும் நமக்கு ஒன்றுதான். இருவருமே யோசிக்க மறுக்கிறவர்கள்.

டாக்டர்களும் தவறினதுண்டு. 1954-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா டாக்டர்கள் சிறுகுடலின் பெரும்பாகத்தை ஒதுக்கிவிட்டு இரு நுனிகளையும் இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். மனிதர்கள் இளைத்தது நிஜம். கூடவே ஓயாத பேதியும், மூத்திரக் கல்லும் வந்தன. சிலர் ஈரல் கெட்டுச் செத்தார்கள். பலருக்கு இணைத்ததை மறுபடியும் பிரிக்கவேண்டியதாயிற்று. கடைசியில் டாக்டர்களே கணக்கெடுத்துப் பார்த்து அம்முறையைக் கைவிட்டார்கள். தன் மந்திரம் பலிக்காததைக் கணக்கெழுதி வைத்த மந்திரவாதி எவனாவது உண்டா?

இப்போது நடப்பவை முக்கியமாக இரண்டு. இரைப்பையில் சுமார் முக்கால் பாகத்தை வெட்டியெடுத்துவிடுவது ஒன்று. மேலே ஒரு சிறு பை மாத்திரம் வைத்து அதைக் குடலோடு சேர்ப்பது மற்றொன்று. முதல் சில வாரங்களில் தைத்த இடம் கசியலாம், இரத்தம் போகலாம், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலில் போய் அடைக்கலாம். காய்ச்சல், நாடி ஓட்டம், மூச்சுத் திணறல் கண்டால் விடியட்டும் என்றிருக்கக்கூடாது.

பிந்தி வருகிறதுதான் ஏமாற்றுகிறது. இரைப்பையில் ஊறும் ஒரு பொருளின் துணையில்லாமல் பி12 என்ற வைட்டமின் உடம்பில் சரியாக ஏறாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில வருஷம் ஒன்றும் தெரியாது. ஆசாமியும் "நன்றாய்த்தானே இருக்கிறோம்" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார். பிறகு கால் மரக்கும், நினைவு மங்கும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவதும் இப்படியே. வேகமாக இளைப்பதால் பித்தப்பையில் கல் விழுவதுமுண்டு. பெண்கள் ஓராண்டு ஒன்றரையாண்டு கர்ப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டுமென்பதை மாமியார்மார்கள் காதில் போட்டுக்கொள்வார்களாக.

எல்லாவற்றிலும் அவசரமானது ஓயாத வாந்தி. பி1 என்ற வைட்டமின் உடம்பில் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சுத் தடுமாறும். இதைப் பார்த்துப் பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கப் போனால், போன நினைவு திரும்பாமலே போய்விடலாம். குளுக்கோசை மாத்திரம் ஏற்றினாலும் கெடுதி அதிகமாகும். பி1 ஊசி முந்திப் போட்டாக வேண்டும். ஆகையால் ஆப்பரேஷன் செய்துகொண்டவர் வீட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் கையெட்டும் இடத்தில் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் இன்ன ஆப்பரேஷன் ஆனதென்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.