எழுதியவர் சொல்லிவிட்டால் போதுமா?



பரிசுக்கென்று மேசையில் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே புத்தகம் படிப்பதைப் பற்றியே பேசுகிறேன். ஒரு கதையை எழுதியவர் கதைக்கு வெளியே வந்து, "இதன் பொருள் இதுதான்" என்று சொல்லிவிட்டால், படித்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

"எழுதினவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். பலரும் அறிந்த கதை ஒன்றையே எடுத்துப் பார்ப்போம்.

அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. ஐந்து பாகங்கள். முடிந்ததும் வாசகர்களுக்கு மனம் ஆறவில்லை. கதை சட்டென்று நின்றுவிட்டதே, அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று கேள்விகள். கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். கைக்கு வந்த மணிமகுடத்தை அருள்மொழிவர்மர் சிறிய தந்தை உத்தம சோழருக்கு விட்டுக்கொடுத்தாரே, அந்தத் தியாகந்தான் கதையின் சிகரம் என்பது அவர் கருத்து. ஐந்தாம் பாகத்தின் பெயரே 'தியாக சிகரம்'.

சரி, இப்பொழுது அந்தக் கதையைப் படித்தவர்களைக் கேளுங்கள், கதாநாயகன் யாரென்று. பாதிப் பேருக்கு மேல் 'வந்தியத்தேவன்' என்பார்கள்! இது வாசகர் செய்த குற்றமா? முதல் அத்தியாயத்தில் வீரநாராயண ஏரிக்கரையில் அவன் குதிரையோடுதான் நாமும் சோழநாட்டுக்குள் நுழைகிறோம். அவன் மாட்டிக்கொண்டால் நமக்குப் பதறுகிறது, தப்பித்தால் மூச்சு வருகிறது. இளவரசரை நேரில் பார்ப்பதற்கோ இரண்டாம் பாகத்தில் இலங்கைக்குப் போகவேண்டியிருக்கிறது. நம்மை அவன் பக்கம் சாய்த்தது கல்கியின் பேனாதான். பேனா செய்துவிட்டதை முடிவுரை வந்து அழிக்க முடியுமா?

அதற்காக முடிவுரையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதைப் படித்தபின் முடிசூட்டு விழாப் பகுதிக்குத் திரும்பிப் போனால், முன்பு வேகமாகத் தாண்டிய இடங்களில் கண் நிற்கும். அந்த மட்டில் ஆசிரியர் சொல் உதவிதான். எது சரித்திரம், எது தம் கற்பனை என்று அவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். ஆனால் குந்தவை வந்தியத்தேவருக்கு மனைவி என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சாட்சி. அங்கே ஆசிரியர் வாக்கு மட்டுந்தான் ஆதாரம் என்றில்லை.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? 1954 டிசம்பரில் கல்கி காலமானார். இனி அவரிடம் கேட்க வழியில்லை. ஆனாலும் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் கதை திரைப்படமாக வந்தபோது அதே சண்டை மறுபடியும் கிளம்பியது. நல்லதுதான். சண்டை போட்டவர்கள் புத்தகத்தைத் தேடி எடுத்தார்களல்லவா!

வள்ளுவர் முன்னுரையும் எழுதவில்லை, முடிவுரையும் எழுதவில்லை. பத்துப் பேர் பழைய உரை எழுதினார்கள் என்பார்கள். பரிமேலழகரோடு நிற்காமல் மு.வ. வரையில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேனென்றால், நம் பிள்ளைகள் உரைநூலில் உள்ளதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். "எனக்கு நந்தினியைப் பார்த்தா பாவமா இருக்குப்பா" என்று ஒரு பிள்ளை சொன்னால், "அவ கெட்டவ, அப்படியே எழுது" என்று அடக்கிவிடுகிறோம். பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. "எந்த இடத்துல அப்படித் தோணுச்சு, வாசிச்சுக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். காட்ட முடிந்தால் அது பிள்ளையின் சொந்தச் சொத்து. காட்ட முடியாவிட்டால் இன்னொரு தடவை படிக்கட்டும்.

விடியற்காலையில் பால்மரம் வெட்டப்போய் வெயிலேறித் திரும்பும் பெற்றோர், "நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்னங்க தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். இராமன் மறைந்து நின்று வாலிமேல் அம்பு விட்டது சரியா என்று கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில் பேசுகிறார்களே, அப்போது நீங்கள் தீர்ப்புச் சொல்லவில்லையா? கம்பரைக் கூப்பிட்டா கேட்டீர்கள்? இருபக்க வாதத்தையும் கேட்டு, கதையை வைத்தே சொன்னீர்கள். வீட்டில் பிள்ளை வாசிக்கும்போதும் அந்தக் காதுதான் வேண்டும்.

மாணவர்களே, இன்று வாங்கும் புத்தகத்தின் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முதலில் கதைக்குள் போங்கள். யாரைப் பிடித்தது, எந்தப் பக்கத்தில் பிடித்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பார்த்து, இரண்டையும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் சொல்லுங்கள்.