ஃபொய்பே: அருள்வாக்கும் நிலவொளியும்

கிரேக்கப் புராணத்தில் ஃபொய்பே, விண்ணாகிய யுரேனஸுக்கும் மண்ணாகிய கையாவுக்கும் பிறந்த டைட்டன் மகளிருள் ஒருத்தி. உடன்பிறந்த கோயஸை மணந்து லேத்தோ, அஸ்தேரியா என இரு பெண்களைப் பெற்றாள். லேத்தோவின் இரட்டைப் பிள்ளைகள் அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும்; அஸ்தேரியாவின் மகள் ஹெக்கேட். டெல்ஃபியில் குறி சொன்ன கடவுளுக்கும் வேட்டைத் தெய்வத்துக்கும் முச்சந்தித் தெய்வத்துக்கும் அவளே பாட்டி. அறிமுக நூல்கள் பலவும் அவளை அருள்வாக்குக்கும் நிலவொளிக்கும் உரிய தெய்வம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த வரிக்குள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மொழியில் எழுந்த இரு செய்திகள் ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பழமையான சான்று, கி.மு. 700ஐ ஒட்டி ஹெசியட் பாடிய 'தியோகொனி'. ஃபொய்பேயைப் பொன்முடி சூடியவள் என்று குறித்து, மணத்தையும் மக்கட்பேற்றையும் சில அடிகளில் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். பேத்தி ஹெக்கேட்டின் புகழையோ நாற்பது அடிகளுக்குக் குறையாமல் பாடுகிறார். ஃபொய்பே குறி சொன்னதாக அங்கே ஒரு சொல்கூட இல்லை. நிலவுக்கும் அந்நூலில் வேறொருத்தி இருக்கிறாள்: ஹைப்பீரியனுக்கும் தெய்யாவுக்கும் பிறந்த செலீனே.

அருள்வாக்கோடு ஃபொய்பேயை இணைத்தவர் ஈஸ்கிலஸ். கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய 'யூமெனிடஸ்' நாடகம், டெல்ஃபிப் பூசாரினியின் வேண்டுதலோடு தொடங்குகிறது. குறிபீடத்தில் முதலில் அமர்ந்தவள் கையா. அவளுக்குப்பின் மகள் தெமிஸ். மூன்றாவதாக, எவரையும் வற்புறுத்தாமல், தெமிஸின் இசைவோடு ஃபொய்பே அமர்ந்தாள். பேரன் பிறந்தபோது அந்தப் பீடத்தையே அவனுக்குப் பிறப்புச் சீராகக் கொடுத்தாள். ஃபொய்போஸ் என்று அப்பல்லோ விளங்குவது பாட்டி பெயரைத் தாங்கியதால்தான் என்கிறாள் பூசாரினி.

இந்தச் சீர் வரிசை டெல்ஃபியைப் பற்றிய பொதுக் கதை அன்று. அப்பல்லோவைப் போற்றும் ஹோமரியப் பாடலில் அவன் பெண்பாம்பைக் கொன்றே அவ்விடத்தைக் கைக்கொள்கிறான். யூரிப்பிடஸின் நாடகமொன்றில், தெமிஸ் விரட்டப்பட்டதால் சினந்த கையா, மனிதர்களுக்குக் கனவில் குறி காட்டி அப்பல்லோவின் பிழைப்பையே கெடுக்கிறாள். ஈஸ்கிலஸின் கதையில் இரத்தமும் இல்லை, சினமும் இல்லை. காரணம் நாடகத்தின் முடிவில் இருக்கிறது. அங்கே பழிவாங்கும் பழந்தெய்வங்களான எரின்னிகளை அதீனா இனிய சொல்லால் இணங்கவைத்து, ஏதென்ஸில் மதிப்பான இடம் தருகிறாள். பழைய தெய்வமும் புதிய தெய்வமும் மோதாமலே உரிமை கைமாறலாம் என்பதற்கு ஃபொய்பே முதல் காட்சியிலேயே சாட்சியாக நிற்கிறாள். அவளை அங்கே நிறுத்தியதில் கவிஞரின் மதிநுட்பம் முழுதாகத் தெரிகிறது. அந்த அமைதியும் நீடிப்பதில்லை. வேண்டுதல் முடிந்து கருவறைக்குள் போன பூசாரினி, நிற்கக் கால் வலுவின்றிக் கைகளை ஊன்றித் தவழ்ந்தபடி வெளியே வருகிறாள். உள்ளே, தாயைக் கொன்ற ஓரெஸ்டஸ் இரத்தம் சொட்டும் கையோடு அமர்ந்திருக்கிறான். அவனைச் சுற்றி எரின்னிகள் தூங்குகின்றன.

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பெர்கமோன் பலிபீடச் சிற்பத்திலோ குறியும் இல்லை, நிலவும் இல்லை: அங்கே ஃபொய்பே எரியும் தீப்பந்தத்தோடு போரிடுகிறாள். அருகே அஸ்தேரியா.

நிலவு அவளோடு சேர்ந்தது இலத்தீன் கவிதை வழியாக. ஃபொய்போஸின் உடன்பிறந்தவள் என்ற முறையில் ஆர்ட்டெமிஸாகிய டயானாவை வெர்ஜிலும் ஓவிடும் ஃபொய்பே என்றே அழைத்தார்கள். டயானாவோ அப்போதே நிலவாகவும் வணங்கப்பட்டவள். பேத்திக்குச் சூட்டிய பெயரால், பேத்தியின் நிலவு பாட்டிக்கும் ஏறிவிட்டது. டைட்டன் ஃபொய்பேயை நிலவுத் தெய்வம் என்று எழுதுவோர் இந்த வழியைக் கவனிக்க வேண்டும்.

நிலவும் குறியும் ஒரே வழிபாட்டிடத்தில் கூடியதைத் தேடுவோர் போகவேண்டிய இடம் லக்கோனியாவிலுள்ள தலமாய். அங்கே கோயிலில் படுத்துறங்குவோருக்குக் கனவில் குறி கிடைத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவ்வழி சென்ற பௌசானியஸ், பசிஃபே, ஹீலியோஸ் ஆகியோரின் வெண்கலச் சிலைகளைக் குறிப்பிட்டு, பசிஃபே என்பது செலீனேயின் பட்டப்பெயர் என்கிறார். அவருக்கு முந்திய புளூட்டார்க் அவளை அட்லஸின் மகள் என்றும், டிராய் இளவரசி கசாண்ட்ரா என்றும், டாஃப்னி என்றும் மூன்று விதமாகச் சொல்கிறார், நிலவைச் சொல்லவில்லை. ஆகவே நிலவுத் தொடர்பு பௌசானியஸின் கூற்றில் மட்டுமே நிற்கிறது. கனவுக் குறியின் செல்வாக்குக்கோ புளூட்டார்க்கே நல்ல சான்று தருகிறார். ஸ்பார்ட்டாவின் உயர் அதிகாரிகளான ஐந்து எஃபோர்களுள் ஒருவர் பசிஃபேயின் கோயிலில் உறங்கியபோது, தங்கள் ஐந்து இருக்கைகளில் நான்கு அகற்றப்பட்டிருப்பதைக் கனவில் கண்டார். ஸ்பார்ட்டாவுக்கு இதுவே நல்லது என்று ஒரு குரலும் கேட்டது. அதைக் கேள்விப்பட்ட மன்னன் கிளியோமினிஸ் தன்னைச் சோதிக்கிறார்களோ என்று முதலில் கலங்கினான், பிறகு துணிந்தான். கி.மு. 227இல் எஃபோர்கள் நால்வர் கொல்லப்பட்டனர். இருக்கைகளில் ஒன்றை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அவன் அப்புறப்படுத்தினான்.