கூட நின்று பார்ப்பவர்

இந்த ஆண்டுப் பொழிவின் பொருள் தனிப்பயிற்சி. நீட் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் ஆள் சேர்க்கும் கோச்சிங் சென்டர்கள் இதன் எல்லைக்குள் வரமாட்டா. அங்கே ஒரு கூடத்தில் நூறு பேர் உட்கார்ந்து ஒரே பாடத்தைக் கேட்கிறார்கள். தொழிலில் ஏற்கெனவே இறங்கிவிட்ட ஒருவர், இன்னும் மேலே போக வேண்டும் என்பதற்காகத் தன்னை மட்டும் கவனிக்க இன்னொருவரை வைத்துக்கொள்கிறாரே, அதைப் பற்றியதே இந்தப் பேச்சு. விளையாட்டு வீரர்களோடும் பாடகர்களோடும் நின்றிருந்த இந்த வழக்கம் இன்று கம்பெனி நிர்வாகி, மருத்துவர், ஆசிரியர் என்று பரவிவிட்டது.

கேம்பிரிட்ஜில் ஒரு முன்கதை

1854ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இரண்டாவதாகத்தான் வந்தார். மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்த அதே மேக்ஸ்வெல். முதலிடம் எட்வர்ட் ரூத் என்பவருக்குப் போனது. முந்தியவர், பிந்தியவர் இருவருமே வில்லியம் ஹாப்கின்ஸிடம் படித்தவர்கள். ஹாப்கின்ஸ் மாணவர்களிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கிய தனி ஆசிரியர். கெல்வினும் ஸ்டோக்ஸும்கூட அவருடைய மாணவர்களே.

பேராசிரியர்கள் விரிவுரையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எந்த மாணவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. தேர்வில் வாங்கிய இடமோ வாழ்நாள் முழுக்கக் கூட வந்தது. அந்த இடைவெளியில்தான் தனி ஆசிரியர் தொழில் செழித்தது. ரூத்தும் பின்னாளில் அதே தொழிலுக்கு வந்தார். வாரந்தோறும் கணக்குக் கொடுத்து, திருத்தி, மதிப்பெண்ணை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவைப்பது அவர் வழக்கம். அவரிடம் படித்தவர்களில் இருபத்தைந்து பேருக்கு மேல் அந்தத் தேர்வில் முதலிடம் பிடித்தார்கள். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ரேலே அவர்களில் ஒருவர்.

நிறுவனம் கற்றுக்கொடுக்கும், தனி ஆளைக் கவனிக்க அதற்கு நேரம் இருக்காது. தனிப்பயிற்சி முளைத்த இடமெல்லாம் இந்த நிலைமையைப் பார்க்கலாம்.

டென்னிஸ் திடலிலிருந்து அலுவலகத்துக்கு

இன்றைய கோச்சிங் தொழிலின் வேர் அமெரிக்க டென்னிஸ் திடலில் இருக்கிறது. திமொதி கால்வே என்ற பயிற்சியாளர் 1974இல் 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' என்ற நூலை வெளியிட்டார். முழங்கையை மடக்கு, மட்டையைத் திருப்பு என்று சொல்லச் சொல்ல ஆட்டக்காரர் இறுகிப்போகிறார். வருகிற பந்தின் தையலைக் கவனி என்று மட்டும் சொன்னால் கை தானாகவே சரியான இடத்துக்கு வருகிறது என்பது அவர் கண்டது. டென்னிஸ் ஆடாதவர்களும் அந்த நூலை வாங்கினார்கள். பிரிட்டனில் ஜான் விட்மோர் அதை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார். அவர் கார்ப் பந்தய வீரர். 1965இல் ஐரோப்பிய சாம்பியன். 1992இல் அவர் எழுதிய நூல் வழியாகப் பரவிய முறை நான்கே கேள்விகளில் அடங்கும்: என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழி உண்டு, எதைச் செய்யப்போகிறீர்கள்? பதிலைப் பயிற்சியாளர் சொல்லமாட்டார். பயிற்சி பெறுபவரே தேடிக்கொள்ள வேண்டும்.

1995இல் தாமஸ் லெனார்ட் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் கோச்களுக்கென ஒரு சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் கோச்சிங் தொழில் செய்பவர்கள் சுமார் 1,09,200 பேர். 2019இல் இருந்ததைவிட 54 சதவீதம் அதிகம். ஆண்டு வருமானம் 450 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இந்த வளர்ச்சிக்குப் பெரிய நிறுவனங்களின் நடைமுறையும் ஒரு காரணம். 2001இல் கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வந்த எரிக் ஷ்மிட்டிடம், கோச் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலீட்டாளர் ஜான் டோயர் சொன்னபோது ஷ்மிட்டுக்கு முகம் சுருங்கியது. தன் வேலையில் குறை கண்டுவிட்டார்களோ என்று நினைத்தார். வந்து சேர்ந்தவர் பில் கேம்ப்பெல். கொலம்பியா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்த காலத்தில் வென்றது 12 ஆட்டம், தோற்றது 41. அப்படிப்பட்டவரைக் கோச்சாக வைத்துக்கொள்ளச் சொன்னதுதான் தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த யோசனை என்று ஷ்மிட் பிற்பாடு பேட்டி கொடுத்தார்.

நம் ஊர் நிலைமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பா செய்த தொழிலை மகனும் செய்த வரை, யோசனை கேட்க வீட்டுத் திண்ணை போதும். சிறுசேரியில் ஐடி வேலை பார்க்கும் பெண்ணுக்கு அப்ரைசல் கூட்டத்தில் என்ன பேசுவது என்று பெரியப்பாவால் சொல்ல முடியாது. நேற்று வரை கோடு எழுதியவரை இன்று இருபது பேருக்கு மேனேஜர் ஆக்கிவிடுகிறார்கள். தடுமாற்றத்தை மேலதிகாரியிடம் சொல்லலாம் என்றால், மார்க் போடுகிறவரே அவர்தான். எனவே வெளியிலிருந்து ஒருவர் தேவைப்படுகிறார். 2020க்குப் பிறகு வீடியோ அழைப்பு அந்த ஒருவரை எந்த ஊரிலிருந்தும் வரவழைத்துவிட்டது.

அறுவை அரங்கில் ஒரு பெரியவர்

கோச் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை மிகத் தெளிவாக எழுதியவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே. எட்டு ஆண்டுகள் தொழில் செய்தபின், தன் திறமை வளர்வது நின்றுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. தனக்குப் பயிற்சி தந்து ஓய்வுபெற்றிருந்த ராபர்ட் ஆஸ்டீன் என்ற மூத்த மருத்துவரை அறுவை அரங்குக்கு வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். 2011இல் 'நியூயார்க்கர்' இதழில் அந்த அனுபவத்தை எழுதினார்.

அது தைராய்டு அறுவை. ஆஸ்டீன் பேசவில்லை, கையுறை போட்டு உள்ளே இறங்கவும் இல்லை. ஓரமாக நின்று நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். நன்றாகத்தான் நடந்தது என்று கவாண்டே நினைத்தார். முடிந்ததும் ஆஸ்டீன் பட்டியலைப் பிரித்தார். நோயாளிமேல் துணி போர்த்திய விதம் கவாண்டேக்கு வாகாக இருந்தது, எதிரே நின்ற உதவியாளருக்கு இடைஞ்சலாக இருந்தது. முழங்கை அவ்வப்போது தோள் மட்டத்துக்கு ஏறியது. அப்படி ஏறினால் கை நிதானமாக இராது. விளக்கு நகர்ந்துபோய், ஏறக்குறைய அரை மணி நேரம் காயத்தின்மேல் நேர் வெளிச்சமே படவில்லை. சுற்றிலும் பட்டுத் தெறித்த ஒளியிலேயே வேலை நடந்திருக்கிறது. அரங்கில் இருந்த வேறு யாரும் அதைச் சொல்லவில்லை.

கவாண்டே இதற்குக் கொடுத்த விலையையும் மறைக்கவில்லை. இன்னொரு அறுவைக்கு முன், இந்தப் பெரியவர் யார் என்று நோயாளி கேட்டார். கோச் மாதிரி என்று கவாண்டே சொன்னார். அதைக் கேட்டு நோயாளிக்குத் தெம்பு வந்ததாகத் தெரியவில்லை. டாக்டருக்கு எதற்குக் கோச் என்ற கேள்வி நம்மிடமும் எழும். வயலின் மேதை இட்ஸாக் பெர்ல்மனுக்கு அந்தச் சங்கடம் இருந்ததில்லை. தானும் வயலின் பயின்ற அவர் மனைவி டோபி, அரங்கில் உட்கார்ந்து கேட்டுக் குறை சொல்வதைப் பல பத்தாண்டுகளாக வழக்கமாக வைத்திருந்தார்.

சென்னைச் சதுரங்கம்

தமிழ்நாட்டில் இந்த முறையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் சதுரங்கக்காரர்கள். கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ் தன் ஆட்டத்தை ஒதுக்கிவைத்து, மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் 2008இல் சென்னையில் செஸ் குருகுலத்தைத் தொடங்கினார். பிரக்ஞானந்தாவும் அக்கா வைஷாலியும் அவரிடம் வளர்ந்தவர்கள்.

குகேஷின் கதை இன்னும் நுணுக்கமானது. அவருடைய ஆரம்பகாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எடுத்த முடிவு ஒன்று பலருக்கு வியப்பாக இருந்தது: குறிப்பிட்ட தரம் வரும் வரை கணினி எஞ்சினைத் தொடக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் கணினியிடம் விடை கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் குகேஷ் தானே கணக்குப் போட்டுப் பழகினார். 2019 ஜனவரியில், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். உலகப் பட்டப் போட்டிக்குப் போனபோது போலந்தின் கஜேவ்ஸ்கி தலைமையில் ஆட்டத் தயாரிப்புக் குழு இருந்தது. அதோடு, சதுரங்கக்காரரே அல்லாத ஒருவரும் கூட இருந்தார். தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன். 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியின் மனப் பயிற்சியாளர்.

சிங்கப்பூரில் நடந்த அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தையே குகேஷ் தோற்றார். 11ஆம் ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்று, அடுத்த ஆட்டத்திலேயே அதைப் பறிகொடுத்தார். 2024 டிசம்பர் 12 அன்று, 14ஆம் ஆட்டத்தில் எதிரே ஆடிய டிங் லிரென் யானையை நகர்த்தியதில் பிழை செய்ய, 18 வயதில் உலகப் பட்டம் குகேஷ் கைக்கு வந்தது. தோற்ற மறுநாள் பலகைக்கு முன் எப்படி உட்காருவது என்பது காய் நகர்த்தலில் சேராத தனிப் பயிற்சி. அதற்கென ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சென்னை ஆட்டக்காரர் எண்ணியதே இந்தத் தொழில் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது.

எட்டு மாதம்

மேலே சொன்னவர்கள் யாவரும் உச்சியில் இருப்பவர்கள். அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் வேலை செய்யும் நர்ஸுக்கு இதே உதவி கிடைத்தால் என்ன ஆகும்? உத்தரப் பிரதேசத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கவாண்டேயும் அந்தக் குழுவில் ஒருவர். 24 மாவட்டங்களில் 120 சுகாதார நிலையங்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள். பாதி இடங்களில், உலகச் சுகாதார நிறுவனத்தின் பிரசவப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்ததோடு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கோச்களாகவும் போனார்கள். முதலில் வாரம் இருமுறை, பிறகு இடைவெளி விட்டு, எட்டு மாதம் வரை. கை கழுவினாயா, தாயின் காய்ச்சல் பார்த்தாயா, ரத்த அழுத்தம் பார்த்தாயா என்று பக்கத்தில் நின்று கவனித்தார்கள்.

2017இல் முடிவு வெளிவந்தது. இரண்டு மாதத்தில், கோச் போன இடங்களில் செய்ய வேண்டிய 18 காரியங்களில் 72.8 சதவீதம் நடந்தது. போகாத இடங்களில் 41.7 சதவீதம். கோச்கள் வருவது நின்று நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது 72.8 என்பது 61.7 ஆக இறங்கியிருந்தது. இன்னொரு முடிவு கசப்பானது: தாய், சேய் இறப்பில் இரண்டு பக்கமும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கூட நிற்கும் ஆளால் பழக்கம் மாறும். மருந்து, அவசர சிகிச்சை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வசதி ஆகியவற்றின் இடத்தை அந்த ஆளால் நிரப்ப முடியாது.

உரிமம் கேட்காத தொழில்

சந்தையில் விற்பனையாகும் கோச்சிங்கை இந்த உதாரணங்களோடு ஒப்பிட்டால் ஒரு குறை கண்ணில் படும். ஆஸ்டீன் அறுவையைப் பார்த்தார், நர்ஸ் கோச் பிரசவத்தைப் பார்த்தார். லைஃப் கோச், வெல்த் கோச், மைண்ட்செட் கோச் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்பவர்களில் பலர், வாடிக்கையாளர் வேலை செய்வதை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் தன்னைப் பற்றிச் சொல்வதே அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே தகவல். இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். லைஃப் கோச்சுக்கு அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை. மனச்சோர்வோடு வருபவரை டாக்டரிடம் அனுப்பாமல் ஊக்கப் பேச்சில் மாதக்கணக்கில் இழுத்தடிக்க இந்த ஓட்டை வழிவிடுகிறது.

பணத்தில் ஏமாற்றுவதும் உண்டு. ஆன்லைன் வியாபாரம் கற்றுத்தருவதாகச் சொன்ன 'மோப்' என்ற நிறுவனத்தின்மேல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2018இல் வழக்குத் தொடுத்தது. நுழைவுக் கட்டணம் 49 டாலர். உள்ளே வந்தவரை, அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று ஆயிரக்கணக்கான டாலர் தொகுப்புகளை வாங்கவைத்தவர்களுக்கு 'கோச்' என்று பெயர். மக்கள் இழந்தது 12.5 கோடி டாலருக்கு மேல் என்றது ஆணையம்.

வகுப்பறைக்குள் போக வேண்டியவர்

கோச்சிங் பலன் தருமா என்பதற்கு மிகுதியான ஆய்வுகள் ஆசிரியர்களை வைத்து நடந்திருக்கின்றன. மேத்யூ கிராஃப்ட் உள்ளிட்ட மூவர் 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். ஆசிரியர் பாடம் நடத்தும் முறையில் தெளிவான முன்னேற்றம், மாணவர் மதிப்பெண்ணில் அதைவிடச் சிறிய, ஆனாலும் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம். திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைவதும் அதே தொகுப்பில் தெரிந்தது. ஒரு கோச்சுக்கு ஆள் கூடக்கூடக் கவனம் குறையும் அல்லவா?

தமிழ்நாட்டில் இதற்கான பணியிடம் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. வட்டார வள மையந்தோறும் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்குப் போய், வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடம் நடப்பதைப் பார்த்து ஆசிரியருக்கு உதவுவது அவர்கள் பொறுப்பு. நடைமுறையில் கூட்டம், படிவம், புள்ளிவிவரம் என்று அவர்கள் நாள் கரைந்துவிடுகிறது. பயிற்றுநர் வந்தால் 'விசிட்' என்றே பள்ளியில் சொல்கிறார்கள். அன்று பதிவேடுகள் மேசைக்கு வரும், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். அதிகாரி வந்ததாக நினைக்கும் இடத்தில் யாரும் தன் தடுமாற்றத்தைக் காட்டமாட்டார்கள்.

மாற்ற வேண்டியவை சில. ஒரு பயிற்றுநருக்குப் பள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அதே பள்ளிகளுக்கு இரண்டு ஆண்டாவது அவரையே அனுப்ப வேண்டும். எட்டு மாதத்தோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று உத்தரப் பிரதேசத்தில் பார்த்தாகிவிட்டது. புள்ளிவிவர வேலையை வேறு ஊழியரிடம் கொடுக்கலாம். பயிற்றுநர் வகுப்பில் உட்கார்ந்து எழுதும் குறிப்பு, பாடம் நடத்திய ஆசிரியரின் கைக்கு மட்டும் போக வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரின் கோப்பில் அதற்கு இடம் தரக் கூடாது.