அவளைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டோம்!

(போர்க்காலப் பெண்கள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கேமரன் மலையில் பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



'அந்நியச் சிப்பாய்களோடு நம் பெண்கள் கொண்ட உறவு காதலா, கட்டாயமா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். நான் முதலில் எங்கள் லயத்தில் இருந்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பிறகு தலைப்புக்கு வருகிறேன்.

ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. அந்தப் பாட்டிக்கு ஒரே மகள். 1944இல் பிறந்தவர். எங்களுக்கு அக்கா முறை. வெளுத்த நிறம், சின்னக் கண். தோட்டமே அவரை 'ஜப்பான்காரன் பிள்ளை' என்றுதான் சொல்லும். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு எல்லா வீட்டுக்கும் போகும். அந்த வீட்டுக்கு மட்டும் போகாது. பிள்ளைகள் நாங்களும் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டு ஓடுவோம். நானும் கத்தியிருக்கிறேன். அந்தக் குற்ற உணர்வுதான் இன்று என்னை இங்கே பேச வைக்கிறது.

பசிக்காலம்

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தாபாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. துரைமார்கள் போய்விட்டார்கள். தோட்டத்தில் சம்பளம் இல்லை. அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு, சாக்குதான் துணி. அடுத்து சயாம் - பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். போனவர்களில் மிகப்பலர் திரும்பவே இல்லை.

இந்த மரண ரயிலைப் பற்றி ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்ற நம் எழுத்தாளர்கள் நாவல் எழுதினார்கள். நாம் படித்து அழுதோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை. கணவனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, லயத்தில் தனியாக நின்றவள் என்ன செய்தாள்? பிள்ளைக்கு எதைக் காய்ச்சி ஊற்றினாள்?

அந்தப் பாட்டியின் கணவரும் சயாமுக்குப் போனவர்தான். நான் ஆசிரியையான பிறகு ஒரு நாள் துணிந்து கேட்டேன். "அவன் அரிசி கொண்டாந்து குடுத்தாம்மா. வேண்டாம்னு சொல்ற எடத்துல நான் இல்ல. அதுக்கு மேல கேக்காதே" என்றார். நான் கேட்கவில்லை.

அது காதலா? கட்டாயமா? துப்பாக்கியை நீட்டவில்லை என்பதால் அதைச் சம்மதம் என்று சொல்ல முடியுமா? அரிசி ஒருவன் கையில், பசி ஒருத்தி வயிற்றில். அங்கே நம் தலைப்புக்கு இடமே இல்லை.

வேறு வீடுகளில் வயதுக்கு வந்த பெண்களின் முகத்தில் கரி பூசினார்கள். சிலரை அவசர அவசரமாக யாருக்கோ கட்டி வைத்தார்கள். பயத்தில் நடந்த அந்தக் கல்யாணங்களில் பெண்ணின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? அவற்றை மட்டும் கௌரவமான வாழ்க்கை என்கிறோம்.

முழுக்க முழுக்கக் கட்டாயமாக நடந்ததும் உண்டு. ஜப்பானிய ராணுவம் நடத்திய 'ஆறுதல் விடுதிகள்' இந்த நாட்டிலும் இருந்தன. 1991இல் கொரியாவின் கிம் ஹாக்-சுன் என்ற அம்மையார் வெளியே வந்து பேசிய பிறகுதான் உலகம் காது கொடுத்தது. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நாகஹாரா மிச்சிகோ மலேசியப் பெண்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். ஐ.நா. சார்பில் 1996இல் இதைப் பற்றி அறிக்கை கொடுத்தவர் ராதிகா குமாரசாமி. இலங்கைத் தமிழ்ப் பெண்மணி. 'ஆறுதல் பெண்கள்' என்ற சொல்லே தவறு, அவர்கள் ராணுவத்தின் பாலியல் அடிமைகள் என்று அவர் அதில் எழுதினார். என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம் என்பதை நமக்குக் காட்டியவர் நம் மொழிக்காரர்.

பிறகு வந்த சிப்பாய்கள்

ஜப்பானியர் போனார்கள். 1948இல் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. பிரிட்டிஷ், கூர்க்கா, ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் வந்தார்கள். முகாம்களைச் சுற்றி ஆயா வேலை, துணி வெளுக்கும் வேலை கிடைத்தது. அங்கே உண்மையாகவே மனம் ஒத்துப் பழகியவர்களும் இருந்தார்கள். கல்யாணம் செய்து கப்பலேறியவர்களும் உண்டு. பட்டாளம் ஊர் மாறியதும் கடிதம் நின்றுபோய், கைக்குழந்தையோடு நின்றவர்களும் உண்டு. நாம் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பட்டம் கொடுத்தோம். அந்தப் பட்டத்தை இந்த மேடையில் நான் சொல்ல விரும்பவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சயாமில் அந்த ஊர்ப் பெண்களோடு பழகிய நம் ஆண்களைப் பற்றி எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கதை சொல்வார்கள். யாரும் அவர்கள் வீட்டுக்குப் பலகாரத் தட்டை நிறுத்தவில்லை.

அப்பா பெயர் என்ன?

இந்தத் தண்டனை அம்மாவோடு முடியவில்லை. நாடு 1957இல் விடுதலை பெற்றது. அதற்கு முன் பிறந்த நம்மவர்களில் பலர் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறப்புக்குச் சான்று வேண்டும். குழப்பமான ஜப்பான் காலத்தில் லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சான்றுக்கு எங்கே போவது? படிவத்தில் அப்பா பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது? எங்கள் அக்கா அந்தக் கேள்விக்குப் பயந்தே பல வருடம் மனுப் போடவில்லை. சிவப்பு அடையாளக் கார்டோடு கொழுந்து எடுத்தார். சாட்சிக் கையெழுத்துப் போட லயத்திலிருந்து ஒருவரும் முன்வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

உலகம் என்ன செய்தது?

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் 1944இல், ஜெர்மானியரோடு பழகினார்கள் என்று சொல்லி சுமார் 20,000 பெண்களின் தலையைத் தெருவில் வைத்து மழித்தார்கள். நார்வேயில் அத்தகைய பெண்களைக் காவலில் வைத்தார்கள், வேலையைப் பறித்தார்கள். ஜெர்மானியரை மணந்தவர்களின் குடியுரிமையையும் பறித்தார்கள். ஆனால் அதே நார்வே 2018 அக்டோபரில், பிரதமர் எர்னா சோல்பெர்க் வாயால், அந்தப் பெண்களிடம் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டது. பெரும்பாலோர் இறந்த பிறகுதான் கேட்டார்கள். ஆனாலும் கேட்டார்கள்.

நம் கேமரன் மலையைக் களமாக வைத்து டான் துவான் எங் ஆங்கில நாவல் எழுதினார். புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. 2019இல் படமாகவும் வந்தது. ஜப்பானியர் முகாமிலிருந்து மீண்ட சீனப் பெண், ஒரு ஜப்பானியத் தோட்டக் கலைஞரிடம் வந்து சேரும் கதை. அதில் கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண்கள் பின்னணியில்தான் வருகிறார்கள். அவரைக் குறை சொல்லவில்லை. நம் பாட்டிகளின் கதையை நாமே கேட்டு வைக்காதபோது, அடுத்தவர் எப்படி எழுதுவார்?

எனவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இது. அந்தக் காலத்தைக் கண்ட பாட்டி யாராவது உங்கள் குடும்பத்தில் இன்னும் இருந்தால், பக்கத்தில் உட்காருங்கள். 'தப்பா, சரியா' என்று கேட்காதீர்கள். 'என்ன சாப்பிட்டீங்க, யார் துணைக்கு இருந்தாங்க' என்று கேளுங்கள். சொன்னால் எழுதி வையுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், அது அவர்கள் உரிமை. அந்தப் பிள்ளைகளும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்களைப் பழைய பட்டப் பெயர் சொல்லி யாரும் பேசினால், அங்கேயே தடுத்து நிறுத்துங்கள்.

பாட்டி இறந்தபோது அந்த அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "நீ அப்ப சின்னப் பிள்ளைதானே" என்றார். ஆனால் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் சின்னப் பிள்ளைகள் அல்ல.

காதலா, கட்டாயமா என்ற தலைப்புக்கு என் பதில் இதுதான்: அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான். நாம் அவளைக் கேட்கவே இல்லை.