சுரங்கம் பெற்ற நகரங்கள்

ஆற்றங்கரையிலும் கடற்றுறையிலும் நகரங்கள் தோன்றிய வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் ஜொஹானஸ்பேர்க் அவ்வாறு தோன்றியதன்று. பேராறு எதுவுமில்லாத மேட்டு நிலத்தில், 1886ஆம் ஆண்டிற் பொன் கண்டெடுக்கப்பட்டமையால் எழுந்த நகரம் அது. சாம்பியாவிலுள்ள கிட்வே செம்பினால் எழுந்தது.

நம்மவர் வியர்வையில் எழுந்த அத்தகைய நகரம் ஒன்றுண்டு. அது கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழிலை ஏற்றபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் சென்று குடியேறின. அதே காலத்திலேதான் அவர்களையொத்த ஏழைகள் இலங்கை மலைகளுக்கும் கப்பலேறினர். சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து தங்கவயலுக்கு 1902இல் மின்சாரம் வந்தது. பெங்களூர் வீதிகளோ 1905 வரை காத்திருந்தன. ஆயினும் அம்மின்சாரம் இயந்திரங்களைத் தேடி வந்ததேயன்றி மனிதரைத் தேடி வந்ததன்று. தொழிலாளர் மூங்கில் தட்டிக் குடிசைகளிலேயே வாழ்ந்தனர். பின்னாளில் வரிசை வீடுகள் எழுந்தபோதும் அவை சுரங்கத்துக்கே உரியனவாயிருந்தன.

2001 பெப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் வேலை போனவனுக்கு வீடும் கேள்விக்குறியாயிற்று. இன்றும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைதேடிச் செல்வோர் பல்லாயிரவர். சாம்பியாவில் வேறு வழி கண்டனர். 1990களின் பிற்பகுதியிற் சுரங்கங்கள் தனியார் கைக்கு மாறியபோது, குடியிருந்தோருக்கே வீடுகள் விற்கப்பட்டன. கம்பெனி நடத்திய மருத்துவமனையும் குடிநீரும் நலிந்தன என்பது மெய். ஆனாற் கூரை எஞ்சியது. இவ்வேறுபாடு சிறிதென எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் இராகலையும் ஒரு பொருளுக்காகப் பிறந்த ஊரே. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் செல்ல 1904இல் இங்கு எட்டிய குறுகிய இருப்புப்பாதை 1940களில் மறைந்தது. தேயிலை நின்றது, அதனால் ஊரும் நின்றது. ஆயினும் கடைவீதியைத் தாண்டினால், நான்கு தலைமுறை வாழ்ந்த லயம் தோட்டத்துக்கே சொந்தம். அண்மைக் காலத்திற் சில குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் நிலத்துடன் தனிவீடு கிடைத்துள்ளது. ஏனைய மாணாக்கரிடம் முகவரி எழுதச் சொன்னால், தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையுமே எழுதுகின்றனர். வீட்டிலக்கம் எழுத வேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கிறது.